பூ மாதிரி ஒரு கண்ணாடி

வருஷத்துக்கு ஒரு முறை, கதிர் படாமலிருக்க நாங்கள் போட்டுக்கொள்ளும் ஈய அங்கிகளை எல்லாம் எக்ஸ்ரேயில் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே ஈயம் விரிசல் விட்டிருந்தால் திரையில் காட்டிக் கொடுத்துவிடும். இதயக் குழாயில் அடைப்பெடுக்கும் எங்கள் பிரிவில் இரண்டு அறைகள். ஒன்றில் பெரிய டாக்டர் கேஸ் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொன்று காலி என்பதால் அந்தத் தலைவலி பிடித்த வேலை என் தலையில் விழுந்தது. பன்னிரண்டு வருஷமாக டெக்னீஷியன் என்றால் இப்படித்தான், யாரும் செய்யாததெல்லாம் நம்மைத் தேடி வரும்.

ஒன்பதாவது அங்கியை மாட்டிவிட்டு வந்தபோது அலுத்துவிட்டது. என் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கழுத்தில் தொங்கிய, கண்ணுக்குக் கதிர் படாமல் காக்கும் ஈயக் கண்ணாடியைக் கழற்றி, விளையாட்டாக அதையும் மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்து பொத்தானை அழுத்தினேன்.

எங்கள் திரையில் ஈயம் கறுப்பாகத் தெரியும். இரண்டு கரிய வட்டங்கள் வர வேண்டும். வந்ததோ நான்கு திருகாணிகள், இரண்டு கீல்கள். நடுவில் ஒன்றுமே இல்லை. திருப்பி வைத்தேன், குப்புற வைத்தேன், மறுபடி அழுத்தினேன். அதே திருகாணிகள்தான். லென்ஸில் ஈயமே இல்லை.

உடனே வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். அவர் கைக்கடிகாரம் ரிப்பேர் பார்ப்பவர். ஒரு கண்ணாடியில் கீறல் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

"என்னங்க, எட்டு மாசம் முன்னாடி என் கண்ணாடியைச் சரி பண்ணிக் குடுத்தீங்களே, என்ன பண்ணீங்க?"

"ஏன், கழண்டுடுச்சா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"லென்ஸ் பூரா கீறல். பக்கத்துக் கடையில குடுத்து மாத்தினேன். உன் பவரும் போடச் சொன்னேன். மூக்குல ரெண்டு பக்கமும் பள்ளம் விழுந்து கிடந்துச்சேம்மா, பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. பூ மாதிரி இருக்குன்னு நீதானே சொன்னே?"

சொன்னேன். மூக்கில் புது ரப்பர் வைத்ததால் லேசாகிவிட்டது என்று நினைத்தேன். ஈயம் போகாமல் கனம் எப்படிப் போகும்? அவருக்குத் தெரியாது, சரி. எனக்குத் தெரிய வேண்டாமா? கதிர் பட்டுக் கண்ணில் புரை விழுவது வலித்துக்கொண்டா வரும்? எட்டு மாதம் வெறும் பிளாஸ்டிக்கை மாட்டிக்கொண்டு அந்த எக்ஸ்ரே குழாய்க்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். நாக்கு நுனிவரை வந்த திட்டை விழுங்கிவிட்டு, "அப்புறம் பேசறேன்" என்று வைத்தேன்.

அறையில் நான்கு தடவை குறுக்கும் நெடுக்கும் நடந்திருப்பேன். அப்போதுதான் ஜன்னல் வழியாகப் பக்கத்து அறை கண்ணில் பட்டது. பெரிய டாக்டரை ஒட்டி, எக்ஸ்ரே குழாய்க்கு ஒரு முழம் தள்ளி, எங்கள் நர்ஸ் குட்டி நின்றிருந்தாள். உயரம் போதாமல் படிப்பலகை போட்டு நிற்பதால் அவளுக்கு அந்தப் பெயர். மூக்கு வலிக்கிறது என்று அவள் புலம்பியபோது, "என் வீட்டுக்காரர்கிட்ட குடு, பூ மாதிரி ஆக்கித் தருவாரு" என்று அவள் கண்ணாடியை வாங்கிக்கொண்டு போனவள் நான்தான். அது நான்கு மாதத்துக்கு முன்னால்.

மைக்கை அமுக்கினேன். "சார், கொஞ்சம் எக்ஸ்ரே மிதியில இருந்து காலை எடுங்க."

"என்னம்மா, கம்பி இதயத்துக்குள்ள இருக்கு!"

"அரை நிமிஷம் சார்."

அலமாரியில் பழைய கண்ணாடி ஒன்று கிடந்தது. ஒரு காது உடைந்து பிளாஸ்திரி சுற்றியது, செங்கல் கனம். அங்கியை மாட்டிக்கொண்டு ஓடினேன். குட்டியின் முகத்திலிருந்ததை உருவிவிட்டு இதை மாட்டினேன். கையுறையோடு அவளால் தடுக்க முடியவில்லை.

"அக்கா, என்ன இது, கனமா இருக்கு!"

"இருக்கட்டும்."

கேஸ் முடியும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளுடையதையும் மேஜையில் வைத்துப் பார்த்தேன். திருகாணிகள்தான். யாரோ ஒரு புண்ணியவானின் இதயம் நன்றாகத் துடிக்க ஆரம்பித்தது, டாக்டர் கைதட்டினார், எனக்கு அழுகை வந்தது.

குட்டி கை கழுவிவிட்டு வந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"உன் லென்ஸ்ல ஈயம் இல்ல குட்டி. என்னோடதுலயும் இல்ல. அவரு மாத்தச் சொல்லிட்டாரு. உன்னைக் குடுக்கச் சொன்னது நானு. தப்பு என்னோடது."

அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூக்கின் இருபுறமும் புதுசாகச் சிவந்திருந்தது. கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நாளைக்கே ரெண்டு பேரும் கண்ணைக் காட்டிடலாம்" என்றேன்.

"அது இருக்கட்டும்கா. கீழ எக்ஸ்ரே பார்த்து எலும்பு ஆபரேஷன் பண்ற இடத்துல ரெண்டு பேர் என் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துட்டுக் கேட்டாங்க. அண்ணன் குடுத்த அதே கடைக்கு நான்தான் அனுப்பி வச்சேன்."

லிஃப்ட் ஆறாவது மாடியில் நின்றிருந்தது. காத்திருக்க முடியவில்லை, படியில் இறங்கினோம். அங்கியைக்கூட நான் கழற்றவில்லை. இரண்டாவது திருப்பத்தில் குட்டி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, அவங்க யார் யார்கிட்ட சொல்லியிருப்பாங்க?"