பதிவு ஓடாத அறை

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மாணவர் தப்புப் பண்ணினால் மிதித்துவிடலாம். வாய்க்கு அப்படியொரு பிரேக்கை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்த வாரம் என் காரில் ஏறிய எல்லோருக்கும் கிளச்சைவிட என் கல்யாணத்தின்மேல்தான் அக்கறை.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க," என்று ஆரம்பித்தார் பேங்க்கில் வேலை பார்க்கும் ஒருவர். அப்படி ஆரம்பிக்கிறவர்கள் தப்பாக நினைக்க வேண்டியதைத்தான் கேட்பார்கள். "நீங்க அவரை விட்டுட்டு வந்தது இதனாலதானா?"

"கண்ணாடியைப் பாருங்க. பின்னாடி பஸ் வருது."

"இல்ல, டிவில ஒருத்தர் சொன்னாரு..."

மிதித்தேன். அவர் மூக்கு ஸ்டியரிங்கைத் தொட்டுவிட்டு வந்தது. பஸ் நிஜமாகவே வந்தது, அது வேறு விஷயம்.

அவர் என்று சொன்னது என்னுடைய முன்னாள் கணவரை. ரேடியோவில் காலை நிகழ்ச்சி நடத்துகிறவர். வெண்கலக் குரல் என்பதால் ஊரே அவரை வெண்கலம் என்றுதான் சொல்லும். சண்டையின்போது நானும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறேன். அந்த வாரத் தொடக்கத்தில் அவருடைய நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த அறிவிப்பாளர் பெண் ஒருத்தி அவர்மேல் புகார் கொடுத்தாள்.

புகாரில் சுற்றி வளைத்து ஒன்றும் இல்லை. ஒலிப்பதிவு அறையின் கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அது எரிந்தால் உள்ளே பதிவு ஓடுகிறது என்று அர்த்தம். நிலையத்துக்குச் சொந்தக்காரரே வந்தாலும் கதவைத் தொடமாட்டார். குரல் பயிற்சி என்று வெண்கலம் அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டிருக்கிறார். விளக்கைப் போட்டிருக்கிறார், பதிவைப் போடவில்லை. கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அவள் கத்தியிருக்கிறாள். சத்தம் வெளியே போகக் கூடாது என்றுதானே அந்தச் சுவர்களையே கட்டுகிறார்கள். அந்த வழியாகப் போனவர்கள் விளக்கைப் பார்த்துவிட்டு, பூனை மாதிரி அடியெடுத்து வைத்துப் போயிருக்கிறார்கள். இப்படித்தான் அவள் எழுதிக் கொடுத்திருந்தாள், பேப்பரிலும் வந்திருந்தது.

பதிவு ஓடாதபோது விளக்கை ஏன் போட்டார்? என் சின்ன மூளைக்கு எட்டிய வரையில் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். ஆனால் அதை ஒரு ஜென்மமும் கேட்கவில்லை. அவர் குடிப்பாரா, நான் ஏன் பிரிந்தேன், நான் ஏன் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவர் மாசத்துக்கு எத்தனை தடவை மகளைப் பார்க்கிறார், இதுதான் பேச்சு. எங்கள் கல்யாண போட்டோ எங்கிருந்தோ கிளம்பி ஊரெல்லாம் சுற்றியது. அதில் என் முகம் சுளித்திருப்பதைப் பார்த்து மனநல நிபுணர் ஒருவர், "அன்னிக்கே இந்தப் பெண்ணுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு," என்று விளக்கம் கொடுத்தார். அன்றைக்குப் புதுச் செருப்பு கடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

பெண்டாட்டியே விட்டுப் போனவன், கட்டாயம் செய்திருப்பான் என்று பாதிப் பேர் சொன்னார்கள். பெண்டாட்டி சரியில்லை, பாவம் அந்த மனுஷன் என்ன செய்வான் என்று மீதிப் பேர். இந்த இரண்டு கும்பலுக்கும் நடுவில் அந்தப் பெண்ணை எல்லோரும் மறந்தே போனார்கள்.

நான் பிரிந்த காரணம் வேறு. என் அம்மா இறந்த மறுநாள் காலை, காரில் ரேடியோவைப் போட்டேன். அம்மாவின் கடைசி மூச்சை வெண்கலம் ஊருக்கே விவரித்துக்கொண்டிருந்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது வரைக்கும், அதற்குப் பொருத்தமான பின்னணி இசையோடு. ரோட்டோரமாக வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இவர்களிடம் சொல்லப்போவதும் இல்லை.

மகள் கல்லூரிக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். ஹாலிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து ஹால். அவளோடு சேர்ந்து நானும் நடந்தேன். இரண்டு பேரும் குறுக்கே குறுக்கே வந்து இடித்துக்கொண்டோம். அப்பா என்றால் அவளுக்கு உயிர்.

"அம்மா, நீ ரெண்டு வரி சொன்னா போதும்," என்றாள். "அவர் அப்படிப்பட்டவர் இல்ல, எங்க பிரிவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு. ரெண்டாவது உண்மைதானே?"

"முதல் வரி?"

"உனக்கு அவரைத் தெரியாதா?"

"வீட்ல தெரியும்டி. அந்த ரூம்ல நான் இல்ல."

"எனக்காகச் சொல்லும்மா. வெளியில தலை காட்ட முடியல."

அவள் கண் வீங்கியிருந்தது. நான் அந்த இரண்டு வரியைச் சொன்னால், 'முன்னாள் மனைவியே சொல்லிவிட்டாள்' என்று அந்தப் பெண்ணின் கதையை அன்றோடு முடித்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் என் பெண் என்னை மன்னிக்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வருவதாகத் தகவல் வந்தபோது, சொல்லித் தொலைப்போம் என்றுதான் முக்கால்வாசி முடிவு செய்திருந்தேன்.

அவர் வந்தார். பின்னாலேயே கேமராக்களும் வந்து கேட்டுக்கு வெளியே நின்றன. ஆள் இளைத்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார். நாங்கள் மூன்று பேரும் அந்தச் சின்ன ஹாலில் நின்றுகொண்டே இருந்தோம்.

"ஒண்ணுமே இல்ல," என்றார். "நீ வாசல்ல வந்து என் பக்கத்துல நின்னு ரெண்டு வார்த்தை சொல்லு. அது போதும்."

"நான் சொல்றது இருக்கட்டும். முதல்ல எங்ககிட்ட நீங்க சொல்லுங்க."

"என்ன சொல்ல? இவகிட்ட போய் நான்..."

மகள் குறுக்கிட்டாள். அவள் கேட்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. "அப்பா, ரெக்கார்டிங் இல்லாதப்ப லைட்டை யாரு போட்டா?"

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் அவர் பதிவுப் பயிற்சியெல்லாம் எங்கள் துணி பீரோவுக்குள்தான். எதிரொலி வராமல் இருக்க, தலையைத் துணிகளுக்கு நடுவில் விட்டுக்கொண்டு படிப்பார். ரெக்கார்டர் பொத்தானை நான் அழுத்துவேன். நடுவில் நாக்கு குழறினால் விட்ட இடத்திலிருந்து தொடரமாட்டார். கொஞ்சம் மூச்சை அடக்கிக்கொண்டு, வாக்கியத்தின் முதலுக்கே போய், அதே ஏற்ற இறக்கத்தோடு திரும்பச் சொல்வார். அப்போதுதான் குழறியதை வெட்டி ஒட்ட முடியும். மகள் பள்ளியில் பாடம் ஒப்பிக்கும்போதுகூட அப்பா மாதிரியே முதலிலிருந்து ஆரம்பிப்பாள், டீச்சர் திட்டுவார்.

அது தொழில் பேச்சு. மனசிலிருந்து பேசினால் அவருக்கு வாக்கியம் முடியவே முடியாது. இவள் பிறந்த அன்று நர்ஸ் வந்து சொன்னபோது, "பொண்ணா... அது... நான் வந்து... பொண்ணா," என்று மென்று முழுங்கிக்கொண்டு நின்றார். வெண்கலமாவது ஒன்றாவது. அந்த மனுஷனைத்தான் எனக்குப் பிடித்திருந்தது.

விளக்கை யார் போட்டது என்று மகள் கேட்டதும் அவர் அந்த மாதிரித் தடுமாற வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். கோபப்படட்டும், உளறட்டும், நம்பிவிடுகிறேன்.

அவர் தோளை நிமிர்த்தினார். குரல் கீழே இறங்கி, உருண்டையாக வந்தது.

"என்னோடு பணிபுரிந்த ஒவ்வொரு பெண்ணையும் நான் என் சொந்த மகளாகத்தான் பார்த்... பார்த்து..."

நிறுத்தினார். மூச்சை அடக்கினார்.

"என்னோடு பணிபுரிந்த ஒவ்வொரு பெண்ணையும் நான் என் சொந்த மகளாகத்தான் பார்த்திருக்கிறேன்."

அதே ஏற்ற இறக்கம். சொந்த மகளின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

அவள் சின்னக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். "அப்பா, இங்க ரெக்கார்டிங் எதுவும் ஓடல."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்தது. என்னைப் பார்த்தார், நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்கிற மாதிரி. எனக்கு வந்த ஆத்திரத்தில் பக்கத்தில் நிஜமாகவே ஒரு பிரேக் இருந்திருந்தால் உடைத்திருப்பேன். ஒத்திகை பார்க்கிறவனெல்லாம் பொய்யன் இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் பெற்ற பெண் ஒரு விளக்கைப் பற்றிக் கேட்டாள். அதற்கு ஆமாம், இல்லை, தெரியாது என்று எதையாவது சொல்லியிருக்கலாம்.

"நீ வர்றியா இல்லையா?" என்றார் என்னிடம்.

"வரல."

அவர் வெளியே போனார். ஜன்னல் திறந்துதான் இருந்தது. கேட்டருகில் அதே வாக்கியம் கணீரென்று கேட்டது. ஒரு தடங்கல் இல்லை.

"இப்ப சுத்தமா வந்திருச்சு, இல்லம்மா?" என்றாள் மகள். சொல்லிவிட்டு முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டாள். அவள் முதுகைத் தடவினேன். அதற்குமேல் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"மேடம், நீங்களும் ரெண்டு வார்த்தை," என்று வெளியிலிருந்து கத்தினார்கள்.

போனேன். செருப்புக்கூடப் போடவில்லை. மைக்குகள் தாடையில் இடித்தன. அவர் தன் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றுவிடுவேன் என்று அப்போதும் நம்பியிருப்பார் போல.

"என் கல்யாணத்தைப் பத்தி ஒரு வாரமா பேசிட்டீங்க," என்றேன். "அந்தப் பொண்ணு எழுதிக் கொடுத்ததை யாராவது படிச்சீங்களா? பதிவு ஓடாதப்ப விளக்கு எரிஞ்சதுன்னு அதுல இருக்கு. அதோ நிக்கிறாரு, ஏன்னு அவரையே கேளுங்க."

நிருபர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முன்னால் நின்ற நிருபர் மைக்கை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

"மேடம், நீங்க பிரிஞ்சதுக்கு என்ன காரணம்?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவர்களிடம் பேசுவதற்குப் போய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்று திரும்பினேன். மகள் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். வீங்கிய கண்ணும் கலைந்த தலையுமாக, வெளியில் தலை காட்ட முடியாது என்று சொன்ன அதே பெண். ஐயோ, உள்ளே போ என்று அவளைத் தள்ளப் பார்த்தேன். அவள் என் கையை விலக்கினாள்.

"அவர் சொன்ன சொந்த மகள் நான்தான்," என்றாள். கேமராவைப் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்தாள். "எனக்குச் சொல்லுங்கப்பா. லைட்டை யாரு போட்டா?"

எல்லா மைக்குகளும் அவர் பக்கம் திரும்பின. இப்போது எல்லாமே ஓடிக்கொண்டிருந்தது. அவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"அது... நான் வந்து... லைட்டு..." என்றார். "நான்... அந்தப் பொண்ணு... அது வந்து..."

வாக்கியத்தின் முதலுக்கு அவர் திரும்பிப் போகவே இல்லை. மகள் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.