சொல் கேட்டவள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் ஆண்டு ஏப்ரலில், இலங்கை மலையகத்தில் ராகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மலைப்பாதையில் கார்ப் பந்தயம் நடந்தது. துரைமார் ஒருவர் பின் ஒருவராகக் காரை விரட்டி மேலே ஏற்றுவார்கள். குறைந்த நேரத்தில் ஏறியவருக்குப் பரிசு. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த பத்திநாதன் கையில் ஒரு சிவப்புக் கொடியைக் கொடுத்து ஏழாம் வளைவில் நிறுத்தியிருந்தார்கள். கார் வரும்போது யாரும் பாதைக்குள் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை.

வேடிக்கை பார்க்கிற சனம் நிற்பதற்கென்று வளைவின் ஓரத்திலேயே கயிறு கட்டியிருந்தார்கள். காலையிலேயே அந்த இடத்தைப் பார்த்த பத்திநாதனுக்கு மனசு சரியில்லை. பந்தயத்தை நடத்திய துரையும் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் துரைராசாவும் அந்தப் பக்கம் வந்தபோது சொன்னான்.

"கார் சறுக்கினா நேரா இந்தக் கயித்துக்குத்தாங்க வரும். கயித்த மேல் மேட்டுல கட்டினா நல்லதுங்க."

யாழ்ப்பாணத்துக்காரரான துரைராசா அதை ஆங்கிலத்தில் சொன்னார். துரை சிரித்தார். அவ்வளவு தூரத்தில் நின்றால் சனத்துக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நிற்பவர்கள் சொந்தப் பொறுப்பில் நிற்கிறார்கள் என்று பாதையோரத்தில் ஆங்கிலப் பலகை ஒன்று வைத்திருந்தார்களாம். தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் இருந்த சனத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

பத்திநாதன் தானாகவே தொண்டை வற்றக் கத்தி, வந்தவர்களையெல்லாம் மேட்டுக்கு ஏற்றினான். அவன் மனைவி இசபெல்லும் ஒன்பது வயது மகள் டோரீனும் அவன் சொன்னபடியே மேலே போய் நின்றார்கள்.

பதினொரு மணிக்குத் தூறல் விழுந்தது. இசபெல் மட்டும் போத்தலில் தேத்தண்ணியோடு இறங்கி வந்தாள். குடித்து முடித்ததும் மேட்டுக்குத் திரும்பப் போனவளை அவன் நிறுத்தினான்.

"எங்க போற? அடுத்து ஒரு செவப்புக் கார் வருதாம். இங்கேருந்து பாத்தா நல்லாத் தெரியும்."

"எல்லாரையும் தொரத்திட்டு என்னைய மட்டும் நிக்கச் சொல்றீங்களே, சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிச்சாச் சிரிக்கட்டும். ஒரு நிமிசந்தானே, நில்லு."

அவள் நின்றாள். முகமெல்லாம் வெட்கமும் சிரிப்பும். நனைந்த தாரில் அந்தக் காரின் பின்பக்கம் வழுக்கி, கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தது. பத்திநாதனுக்குத் தோள் எலும்பு முறிந்ததோடு போயிற்று. இசபெல்லை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற தேவையே இருக்கவில்லை.

மரண விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் துரைராசா லயத்துக்கே வந்தார். பந்தயம் நடத்தியவர்களின் வக்கீலான புரொக்டர் தட்டச்சுச் செய்து கொடுத்த தாளைத் தமிழில் வாசித்துக் காட்டினார். இறந்தவர் கொடிக்காரனின் எச்சரிக்கையை மதிக்காமல் தன் விருப்பப்படி அங்கே நின்றார் என்று அதில் இருந்தது.

"கையெழுத்தைப் போடும், பத்திநாதன். சனத்தை மேல போகச் சொன்னனீர்தானே? அது பொய் இல்லையே."

"அவளுக்குச் சொல்லலீங்க. நான்தான் நிக்கச் சொன்னேன்."

"அதைக் கோட்டில சொன்னால் பிழை முழுக்க உம்மட தலையிலதான் விழும். அவையள் எப்பிடியும் தப்பிவிடுவினம்."

"அவ என் பேச்ச மீறினதே இல்லீங்க. செத்த பொறவு அவ மேல எப்படிங்க பழி போடுறது? கயித்த மாத்தச் சொன்னேனே, அத நீங்க சொல்லுவீங்களா?"

துரைராசா தாளை மடித்தார். "எனக்கும் மூண்டு பிள்ளையள்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

விசாரணையில் பத்திநாதன் ஒன்றையும் மறைக்கவில்லை. கயிற்றை மாற்றச் சொன்னதற்குச் சாட்சி உண்டா என்று புரொக்டர் கேட்டபோது துரைராசா இருந்த பக்கம் பார்த்தான். அவர் தன் குடைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடிக்காரனின் கவனக்குறைவே காரணம், நடத்தியவர்கள்மேல் பொறுப்பில்லை என்று தீர்ப்பாயிற்று. தொழிற்சாலை வேலை போய், முறிந்த தோளோடு புல்லு வெட்டப் போகச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் டோரீன் கேட்டாள்.

"அம்மா ஒங்க சொல்லுக் கேக்காமத்தான் செத்துப்போச்சுன்னு லயத்துல பேசிக்கிறாங்கப்பா. நெசமா?"

மேட்டில் நின்ற அவளுக்கு அன்றைய பேச்சு கேட்டிருக்காது. ஆமென்று தலையை ஆட்டியிருந்தால் போதும்.

"இல்லம்மா. அம்மா கேட்டாங்க. நான் நில்லுன்னேன், நின்னாங்க."

பிள்ளை அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து தன் போர்வையைச் சுருட்டிக்கொண்டு பக்கத்துக் காம்பரா வீட்டில் குடியிருந்த அம்மாக்கண்ணுவிடம் போய்விட்டது. ஆகஸ்ட் வரைக்கும் அங்கேதான் படுத்தது. பத்திநாதன் தினமும் சோறு ஆக்கி அந்த வாசலில் கொண்டுபோய் வைப்பான். தட்டு கழுவித் திரும்பி வரும். பேச்சு வராது. அவனும் கூப்பிடவில்லை.