ஜெயப்பிரியா ஷிப்டில் செய்த வண்டி

ராஜாராம் கார் வாங்கப் போகிறார் என்றதும் மானாம்பதியில் ஆளுக்கொரு வண்டி சொன்னார்கள். அவர் மனத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். மகள் ஜெயப்பிரியா ஒரகடம் கார் தொழிற்சாலையில் கதவு மாட்டும் லைனில் ஒப்பந்த வேலை பார்க்கிறாள் அல்லவா, அந்தக் கம்பெனியின் வண்டி. ஆர்டர் குறைந்துவிட்டது, மாதக் கடைசிக்கு மேல் தன்னை வைத்துக்கொள்வார்களோ மாட்டார்களோ என்று அவள் சொன்ன நாளிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. நம்மூரில் நாலு பேர் அந்த வண்டியை வாங்கினால் பெண்ணின் வேலை நிலைக்கும் என்று நினைத்தார். கண்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னார்.

மைத்துனன் தினகரன் மட்டும் ஒப்பவில்லை.

"அது வெளிநாட்டுக்காரன் வண்டி மாமா. லாபம்லாம் அவன் ஊருக்குப் பூடும். நம்ம நாட்டு கம்பெனி வண்டியா வாங்கு."

"எதுடா வெளிநாடு? ஒரகடம் எந்த நாட்டுல கீது? நீ சொல்றது எங்கியோ வடக்க செஞ்சி லாரியில வருது. இதுல என் பொண்ணு கை பட்ட கதவு கீதுடா."

"அப்ப கதவ மட்டும் வாங்கினு வா மாமா!"

ஜெயப்பிரியாவுக்கு வார விடுமுறை வந்தபோது அவளையும் கூட்டிக்கொண்டு காஞ்சிபுரம் ஷோரூமுக்குப் போனார். விற்பனைக்காரர் கலர் காட்ட வந்தார். ராஜாராம் கையமர்த்தினார்.

"கலரு எதுவா இருந்தாலும் பரவால்ல சார். ஜெயப்பிரியா ஷிப்டுல செஞ்ச வண்டியா பாத்துக் குடுங்க."

"எந்த மாசம் செஞ்சதுன்னா சொல்லலாம் சார். ஷிப்டு தெரியாதே."

"நீ சொல்லும்மா. உன் கை வேல உனக்குத் தெரியாதா?"

ஜெயப்பிரியா அவரைத் தண்ணீர் கேன் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"நைனா, நான் செய்ற வண்டி இங்க விக்கறதே இல்ல."

"இன்னா சொல்ற?"

"எங்க லைன்ல வர்றதுக்கெல்லாம் ஸ்டீரிங் இடது பக்கம். மொத்தமும் மெக்சிகோவுக்குப் போவுது. அங்க வாங்கறது கொறைஞ்சி போச்சி, அதான் ஆர்டர் இல்ல. நீ இங்க எத வாங்கினாலும் என் வேலைக்கு ஒண்ணும் ஆவாது."

"இத வூட்லியே சொல்றதுக்கு இன்னா?"

"ஊரெல்லாம் சொல்லிக்கினு அவ்ளோ ஆசையா இருந்த. எப்படிச் சொல்றது?"

ராஜாராம் அங்கே நிறுத்தியிருந்த காரின் கதவைத் திறந்தார், சாத்தினார். மறுபடியும் திறந்தார்.

"இத யாரு மாட்டியிருப்பாங்க?"

"இங்க விக்கற வண்டிலாம் பக்கத்து லைன். ஏனாத்தூர்லேர்ந்து வர்றாளே பிரிஸ்கில்லா, அவ அங்கதான் இருக்கா."

"அந்தப் பொண்ணுக்கும் மாசக் கடைசிதானா?"

"இல்ல நைனா. அந்த லைன் நல்லாதான் ஓடுது."

"சரி, அதாவது ஓடட்டும்" என்றவர் விற்பனைக்காரரிடம், "இதையே போடுங்க சார்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை வண்டி வந்தது. மாதம் முடிய இன்னும் சில நாள் இருந்தது. உத்திரமேரூர் பெருமாள் கோயில் வாசலில் நிறுத்தி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு எல்லோரும் உள்ளே போனார்கள். தட்டை வாங்கிக்கொண்டே பட்டர் கேட்டார்.

"யார் பேருக்கு அர்ச்சனை?"

"மெக்சிகோக்காரங்க பேருக்கு சாமி."

"யார் பேருக்கு?"

"மெக்சிகோன்னு ஒரு நாடு. அங்க எல்லாரும் நல்லா இருக்கணும், நெறைய கார் வாங்கணும்."

தினகரனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நட்சத்திரம் சொல்லு மாமா, சாமி காத்துக்கினு இருக்காரு."

ராஜாராம் சிரிக்கவில்லை. "அவ்ளோ பேர எங்க போய்க் கேக்கறது? எல்லா நட்சத்திரத்தையும் சொல்லிடுங்க சாமி."

பட்டர் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு அசுவினியிலிருந்து தொடங்கினார். வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்த ஜெயப்பிரியா, ரோகிணி வருவதற்குள் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.