செபஸ்தியார் பெட்டியில் வந்த மூவர்

உபதேசியார் ஞானமுத்துவுக்குத் தெரியாத விஷயங்களும் உலகத்தில் உண்டு. அது ஊருக்கே தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியாது. திருச்சினாப்பள்ளியில் பிரெஞ்சு சாமியார்களிடம் மூன்று வருஷம் படித்துவிட்டு, சுருளிமலைக்கு வடக்கே இருந்த வேதக்காரர் என்ற கிறிஸ்தவர்களின் ஊருக்கு உபதேசியாராக வந்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமை செபம் சொல்லித் தருவார். மற்ற நாளில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருவார். இரண்டுக்கும் நடுவில் யார் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார். மாட்டுக்கு வயிறு உப்பினால் மருந்து சொல்வார். சந்திரன் எத்தனை காதத்தில் இருக்கிறது என்றும் சொல்வார். மாடு சில சமயம் செத்துப்போகும். சந்திரன் விஷயத்தில் யாரும் போய்ப் பார்த்துவிட்டு வரவில்லை.

அப்பேர்ப்பட்டவர், தை மாதத் திருநாளுக்குப் பத்து நாள் முன்பு, அம்மையநாயக்கனூர் ரயிலடியில் இரண்டு மரப்பெட்டிகளுக்கு முன்னால் நின்று திருதிருவென்று விழித்தார்.

ஒரு பெட்டிக்குள் சீமையிலிருந்து வரவழைத்த அர்ச். செபஸ்தியார் சுரூபம் இருந்தது; உடம்பெல்லாம் அம்பு தைத்த புனிதரின் சிலை. ஊர்ப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கோயில் கலயத்துக்கென்று எடுத்து வைத்து, மூன்று வருஷம் சேர்த்து, அதை விற்ற காசில் வாங்கிய சுரூபம் அது. மற்றப் பெட்டி, மலைமேல் பெரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த துரைமார்களில் யாரோ ஒருவருக்கு. இரண்டும் ஒரே உயரம், ஒரே அகலம். மேலே விலாசம் இருந்தது. ஆனால் அது கையால் எழுதிய இங்கிலீஷ். அச்செழுத்தாக இருந்தால் உபதேசியார் கூட்டி வாசித்துவிடுவார். கையெழுத்து அவருக்குக் கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரிதான் தெரியும்.

“எது அய்யா நம்ம பொட்டி? உள்ள போயி கிளார்க்கக் கேட்டுட்டு வரவா?” என்றான் வண்டிக்காரன் சீனிச்சாமி.

“எதுக்குலே கேக்கணும்? எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா?”

சொல்லிவிட்டு, இரண்டு பெட்டிகளின் ஓரத்தையும் மெல்லத் தூக்கிப் பார்த்தார். ஒன்று லேசாக எழும்பியது. மற்றது அசைய மறுத்தது.

“இதான் நம்மது. ஏத்து,” என்றார். அர்ச்சியசிஷ்டரான புனிதர் என்றால் கனம் இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு.

அந்தப் பெட்டிக்காக ஊரில் எல்லாரையும்விட அதிகமாகக் காத்திருந்தவள் அவருடைய பெண்சாதி பிலோமினா. கோயிலில் முதல் பாட்டு எடுப்பவள் அவள்தான். அவள் பாட்டெடுத்தால் கம்பத்துச் சந்தைக்குப் போகிறவன் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பான். இரண்டு வருஷத்துக்கு முன் விஷக்காய்ச்சல் வந்து, அவள் பிழைத்தாள். அவள் காதுகள் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடிப் பார்த்தாள். சுதி எங்கோ போனது. பின்வரிசையில் இரண்டு குமரிகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிலோமினாவுக்குக் காதுதான் கேட்காது, கண் நன்றாகவே தெரியும். அன்றோடு பாட்டை விட்டாள்.

பிறகு உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகினாள். அவளுக்குத் தோதாக ஞானமுத்து தன் மீசையை மழித்துவிட்டார். மீசை எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம், உஷ்ண தேசத்தில் மீசை மூளைக்கு ஆகாது என்று பதில் சொன்னார். ஊர் சிரித்தது. உண்மைக் காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு வலித்ததெல்லாம் வேறு. மாவாட்டும்போதுகூட ஏதாவது முனகிக்கொண்டே இருப்பவள், இப்போது சும்மா ஆட்டினாள். வீட்டில் குழவிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

பெட்டி வந்து சேர்ந்த அன்று அவள் சொன்னாள்: “செபஸ்தியாருக்கு மொகந்தொறக்கையில மணி அடிப்பீகள்ல, அந்தச் சத்தம் என் காதுல விழணும்னு நேந்திருக்கேன். விழுந்தா பாட்டெடுக்கேன். விழலேன்னா, இனிமே பாட்டுன்னு என்னய ஒருத்தரும் கூப்பிடக் கூடாது. நீங்களும்தான்.”

“விழும்,” என்றார் ஞானமுத்து. எல்லாம் தெரிந்தவர் வேறென்ன சொல்வார்?

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சுரூபம் வந்தால் பெட்டியோடு கோயிலில் வைத்துவிடுவார்கள். திருநாளுக்கு முந்தின சாயங்காலம் பெட்டியோடு சப்பரத்தில் ஏற்றி, மணியடிக்கும்போதுதான் முன்பலகையைப் பெயர்ப்பார்கள். அர்ச்சியசிஷ்டர் ஊரைப் பார்ப்பதற்கு முன்னால் ஊரில் ஒருவனும் அவரைப் பார்த்துவிடக் கூடாது. மொகந்தொறப்பு என்று அதற்குப் பெயர். பெட்டியைத் திறந்து சரிபார்த்துக்கொள்ள இடமே இல்லாத வழக்கம் அது.

திருநாளுக்கு முந்தின நாள் வெயில் சாய்ந்ததும் பலகையைப் பெயர்த்தார்கள். மணி அடித்தது. பிலோமினா சப்பரத்துக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மணி நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அவள் கண்ணைத் திறந்து தன்னைப் பார்த்த பார்வையிலேயே ஞானமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது, ஒன்றும் விழவில்லை என்று.

அதற்குள் கூட்டம் வேறொன்றைப் பார்க்க முண்டிக்கொண்டிருந்தது. வைக்கோலுக்கு நடுவே வெள்ளைக் கல்லில் மூன்று தலைகள் வரிசையாக இருந்தன. மார்பு வரைக்கும்தான், அதற்குக் கீழே ஒன்றுமில்லை. உடம்பும் இல்லை, அம்புகளும் இல்லை.

“உபதேசியாரே, ஒரு ஆளுக்குத்தான சொல்லிவிட்டோம்?” என்றாள் செபஸ்தியம்மாள். பிடியரிசிக் கலயத்துக்குக் காவல் அவள். ஊருக்கு வாயும் அவள்தான். “மூணு பேரு வந்திருக்காக. அதுவும் அரை அரை ஆளா. யாரு இவுகள்லாம்?”

பெட்டி மாறிவிட்டது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு தலைக்குக் கீழேயும் பெயர் செதுக்கியிருந்தது, அதுவும் அச்செழுத்தில். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க ஞானமுத்துவால் எந்தக் காலத்திலும் முடிந்ததில்லை.

“இது சாக்ரட்டீசு. கிரேக்க தேசத்து ஞானி.”

“என்ன செஞ்சாரு?”

“எல்லாரையும் கேள்வி கேட்டாரு. அதுக்காகக் கோர்ட்டுல நிறுத்தி, விஷத்தக் குடுத்துக் கொன்னுபுட்டாக.”

“குடிச்சாரா?”

“ஓடிப்போகச் சொல்லி சிநேகிதக்காரக கெஞ்சுனாக. மாட்டேன்னு குடிச்சாரு.”

“அப்ப உசிரக் குடுத்த வேதசாட்சிதான்,” என்று தீர்ப்புச் சொன்னாள் செபஸ்தியம்மாள். கையில் வைத்திருந்த உப்பையும் மிளகையும் அந்த மொட்டைத் தலைக்கு முன்னால் கொட்டி, பாம்புக்கடி நேர்ச்சைக்கு இனி இவர்தான் என்றும் சொல்லிவிட்டாள்.

“வேதசாட்சி இல்ல ஆத்தா, அவரு கர்த்தர் பொறக்கிறதுக்கு நானூறு வருசம் முந்தி.”

“முந்திப் பொறந்தது அவரு குத்தமா?”

உபதேசியார் அடுத்ததற்குப் போனார். “இது நெப்போலியன். பிரெஞ்சு ராசா. பாதி ஐரோப்பாவப் பிடிச்சவரு. லெச்சக்கணக்குல ஆளு செத்துப்போச்சு.”

கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. செபஸ்தியம்மாளும் யோசித்தாள். “கடைசியில என்ன ஆனாரு?”

“தோத்துப்போயி, ஒரு தீவுல அடைச்சு வச்சாக. அங்கனயே செத்தாரு.”

“தீவுக்குப் பேரு?”

ஞானமுத்து சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தார். வாய் கேட்கவில்லை. “அர்ச். எலேனம்மாள் தீவு.”

“பாத்தீகளா,” என்று செபஸ்தியம்மாள் ஊரைத் திரும்பிப் பார்த்தாள். “அர்ச்சியசிஷ்டவ தன் தீவுல எடங் குடுத்திருக்கான்னா, அவரு பாவத்துக்கெல்லாம் பரிகாரம் பண்ணிட்டாருன்னு அர்த்தம்.” கூட்டம் முன்னால் வந்து சிலுவை போட்டுக்கொண்டது.

மூன்றாவது தலைக்கு மயிர் நாலு பக்கமும் பறந்தது. யாரோ அப்போதுதான் திட்டிவிட்டுப் போன மாதிரி முகத்தை வைத்திருந்தது.

“இது பேத்தோவன். செருமனி தேசம். பாட்டுக் கட்டுறவரு,” என்று தொடங்கிய ஞானமுத்து சட்டென்று நிறுத்தினார். திருச்சினாப்பள்ளியில் ஆர்கன் வாசித்த சாமியார் இவரைப் பற்றிச் சொன்னது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஊரை விட்டுவிட்டுப் பெண்சாதி பக்கம் திரும்பி, உதட்டை நிதானமாக அசைத்துச் சொன்னார்.

“இவருக்குக் காது கேக்காது.”

பிலோமினா பக்கத்தில் வந்தாள்.

“வாலிபத்துலயே கேக்காமப்போக ஆரம்பிச்சிருச்சு. வரவர மோசமாயி, கடைசியில ஒரு சத்தமும் கேக்கல. கேக்காமப் போன பெறகும் பெரிய பெரிய பாட்டாக் கட்டுனாரு.”

“சரியா இருக்கான்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியல,” என்றார் ஞானமுத்து.

உபதேசியார் வாயிலிருந்து அந்தச் சொல்லை ஊர் அன்றுதான் முதன்முதலில் கேட்டது.

“ஊரு சிரிச்சிருக்குமே?” என்றாள் பிலோமினா.

“சிரிச்சவுகளும் இருந்திருப்பாக.”

“அப்பறமும் கட்டுனாரா?”

“கட்டுனாரு.”

அந்தக் கோபக்கார முகத்தை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “மேளத்த அடிக்கச் சொல்லுங்க,” என்றாள்.

மேளம் கிளம்பியது. பிலோமினா ஒரு கையைத் தவிலின் மரத்தில் பதிய வைத்தாள். அது அதிர்வதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, வழக்கமான சப்பரப் பாட்டை எடுத்தாள். குரல் பழைய குரல்தான். ஆனால் நாயனம் ஒரு இடத்தில் இருந்தது, அவள் வேறொரு இடத்தில் இருந்தாள். பழைய இரண்டு குமரிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாயனக்காரர் வேலுச்சாமி வாசிப்பை நிறுத்தினார்.

அவர் சின்னமனூர்க்காரர், மாரியம்மனுக்கும் ஊதுவார், மாதாவுக்கும் ஊதுவார். மடியிலிருந்து வேறொரு சீவாளியை, ஊதுகிற நாணல் துண்டை, எடுத்து நாயனத்தின் வாயில் செருகி, அவள் குரலோடு ஒட்ட வைத்து இரண்டு தரம் ஊதிப் பார்த்தார். “ஆத்தா எதுல எடுக்குதோ, இன்னைக்கு அதான் சுதி,” என்று தவில்காரனிடம் சொல்லிவிட்டுச் சேர்ந்துகொண்டார். அதன் பிறகு ஊர் என்ன செய்யும்? குமரிகள் உட்பட எல்லாரும் அவள் எடுத்த இடத்திலேயே பின்பாட்டுப் பாடினார்கள். கிரேக்க ஞானியும் பிரெஞ்சு ராஜாவும் செருமனிக்காரரும் ஊரை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார்கள். மூன்று சுற்றும் பிலோமினா பாட்டை விடவில்லை.

விளக்கு வைத்த பிறகு, வீட்டில் ஞானமுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ரயிலடியில் விலாசம் வாசிக்கத் தெரியவில்லை. கனத்தைப் பார்த்து எடுத்தார். செபஸ்தியார் இந்நேரம் மலைமேல் துரை வீட்டில் இருப்பார். நாளைக்குப் பூசைக்கு வருகிற சாமியாரிடம் சொல்லித்தான் மாற்ற வேண்டும்.

“உள்ள போயி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டிருக்கலாம். தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டேன்.”

திட்டுவாள் என்று தலையைக் குனிந்தார். அவள் அவர் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். குனிந்தால் அவளுக்கு உதடு தெரியாது.

“செபஸ்தியாரு வந்திருந்தா மணிச் சத்தத்துக்குக் காத்துக்கிட்டே நின்னுருப்பேன்,” என்றாள். “அவரு காதக் குடுத்தாத்தான் பாட்டுன்னு இருந்திருப்பேன்.” அவர் முகவாயை விடாமலே, “நெசத்தச் சொல்லுங்க. நான் பாடுனது எப்படி இருந்துச்சு?” என்றாள்.

பிரமாதம் என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு, “மொதல்ல நாயனத்துக்கு மேல நின்னுச்சு,” என்றார்.

“எம்புட்டு?”

அதைச் சொல்ல வார்த்தை அகப்படாமல் வலக்கையை நெஞ்சுக்கு நேரே பிடித்து, கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். பிலோமினா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு, பாட்டின் முதல் அடியை மறுபடி எடுத்தாள். அவர் கையை ஒரு விரற்கடை தாழ்த்தினார். அவள் குரலும் இறங்கியது. இன்னும் கொஞ்சம் என்று தாழ்த்தினார்.

அங்கே, பழைய சுதியில், வந்து நின்றாள்.