கால்மாட்டுப் பலகை

வெள்ளைத் துணியில் கிடத்திய மெழுகுச் சிலுவையை ஏந்திக்கொண்டு எர்வேயின் ஞானத்தகப்பன் துகால் வெறுந்தலையோடு முன்னே நடந்தார். உள்ளங்கையில் அடங்கிவிடும் சிலுவை. பிரான்சின் மேற்குக் கோடியில், எங்கள் உஷான் தீவில், கடலில் செத்தவனுக்கு அதுதான் உடல். இரவெல்லாம் வீட்டு மேசையில் வைத்துச் செபம் சொல்லி, காலையில் கோயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டால் போனவன் ஊர் வந்து சேர்ந்தான் என்று அர்த்தம். கடற்படைக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று நாங்கள் கேட்டதில்லை.

எர்வே பிரெஞ்சுப் போர்க்கப்பலில் சீனக் கடலுக்குப் போனவன். காய்ச்சலில் செத்தான், உடலைக் கடலிலேயே இறக்கிவிட்டார்கள் என்று தந்தி வந்திருந்தது. அவன் அக்கா பிலோமின், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிலுவையின் பின்னால் நடந்தாள். துறைமுகத் திருப்பத்தில் தபால்காரர் எதிரே வந்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் பையிலிருந்து ஓர் அஞ்சலட்டையை எடுத்து அவள் கையில் திணித்துவிட்டு நகர்ந்தார். பாவம், அவரும்தான் என்ன செய்வார்.

எர்வேயின் கையெழுத்து. தந்தி கம்பியில் வரும், அட்டை கப்பலில்தான் வர வேண்டும். சாவதற்கு முன் எழுதியதுதான் என்று தெரிந்தும் பிலோமினுக்குப் பயம் போகவில்லை. அட்டையை மேலங்கிக்குள் செருகிக்கொண்டாள்.

பூசை முடிந்ததும் துகால் அவளைக் கல்லறை மதிலோரம் நிறுத்தினார்.

"எரிச்சுடு பிள்ள. உங்கம்மா கண்ணுல காட்டாத."

"அவன் எழுதினது மாமா."

"வந்து சேந்தவன மறுபடி கடலுக்குத் தொரத்தப் போறியா? அட்டையப் பாத்தா எம்புள்ள உசுரோட இருக்கான்னுதான் அவ சொல்லுவா. கெர்லான் வீட்டுக்காரி இப்பவும் செத்தவன் வருவான்னு ஒவ்வொரு படகுக்கும் போய் நிக்கிறாளே, பாக்கல நீ?"

பார்த்திருக்கிறாள். மழையிலும் நிற்பாள் அந்தப் பொம்பளை. அம்மாவும் அப்படி ஆகிவிட்டால்? பிலோமினுக்கு அந்தப் பயம்தான் எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருந்தது.

வந்தவர்கள் வீட்டில் ஆட்டுக்கறியும் ரொட்டியும் தின்றுவிட்டுக் கலைந்தார்கள். பிலோமின் அடுப்பை நோக்கி நடந்தாள்.

"எடு" என்றாள் அம்மா.

"எதம்மா?"

"உள்ள செருகி வச்சிருக்கியே, அத. தபால்காரன் தொப்பியக் கழட்டினப்பவே பாத்தேன். நான் என்ன குருடியா?"

கொடுத்தாள். படத்தில் சைகோனின் கடைத்தெரு. அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"படி."

"அம்மா, நலம். கோடையில் வந்துவிடுவேன். என் கட்டிலின் கால்மாட்டுப் பலகையை எடுத்துவிடச் சொல். ரொம்ப வளர்ந்துவிட்டேன். அதற்குள் இனிக் கால் நீட்ட முடியாது. எர்வே."

மூலையில் அந்தக் கட்டில் இருந்தது, சுற்றிலும் பலகை அடைத்து, அலமாரி மாதிரி. உள்ளேயிருந்து யாரோ மூச்சு விடுவது போல் பிலோமினுக்குத் தோன்றியது. எம்புள்ள உசுரோட இருக்கான் என்று அம்மா இப்போது சொல்லப்போகிறாள் எனக் காத்திருந்தாள். அம்மா பின்பக்கம் போய் ரம்பத்தோடு திரும்பினாள்.

"அம்மா, அவன் செத்துட்டாம்மா."

"தெரியும்டி. கோயில்ல யாரை வச்சுட்டு வந்தோம்? வந்துட்டான்லா, இனி எங்க படுப்பான்? கால மடக்கிக்கிட்டா?"

பிலோமின் வாய்விட்டு அழுதாள். அழுது முடித்துப் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். பழைய ஓக் மரம், லேசில் அறுபடவில்லை. இருவரும் மாறி மாறி இழுத்தார்கள். கடைசியில் பலகை தரையில் விழுந்தது.

"எவ்வளவு வளந்தான்னு எழுதியிருக்கானா?"

பிலோமின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இல்லம்மா."

அம்மா முக்காலியைத் தூக்கிவந்து கட்டிலின் திறந்த முனையோடு ஒட்டிப் போட்டாள். தலையணையிலிருந்து அதுவரைக்கும் கண்ணாலேயே அளந்தாள். பிறகு குனிந்து, முக்காலியை இன்னும் ஒரு சாண் தள்ளி வைத்தாள்.