தட்டினால் விட வேண்டும்

கனகசிங்கத்தை அந்தப் பாய்க்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தங்கை கோணேஸ்வரிக்கு அவனைக் கலியாணம் பேசினதும் நான்தான். இரண்டு பிழையையும் செய்தது ஒரே ஆள்.

எண்பத்து நாலாம் ஆண்டு நான் கனடாவில், கீல் வீதிப் பக்கம் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தேன். விடிய ஐந்து மணிக்குக் குளிர் அறைக்குள் போனால், கொக்கியில் தொங்கும் மாட்டுத் தொடைகளைத் தோளில் வாங்கி, வெட்டுகிறவர்களின் மேசையில் கொண்டுபோய்ப் போட வேண்டும். பின்னேரம் இரத்தம் பிடித்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு, டன்டாஸ் வீதியில் ஒரு பழைய தேவாலயத்தின் கீழ் மண்டபத்தைக் கூட்டித் துடைக்கிற வேலை.

செவ்வாயும் வெள்ளியும் அந்த மண்டபத்தில் ஜூடோ பழக்கினார்கள். பழக்கினவர் பெயர் மொறிற்றா. சென்செய் என்று கூப்பிடுவார்கள், நாங்கள் வாத்தியார் என்கிற மாதிரி. என்னைவிட ஒரு வயது இளையவர். பகலில் உடுப்புத் தோய்க்கிற கடை வைத்திருந்தார். இரண்டாம் உலக யுத்த நேரம் கனடா அரசாங்கம் யப்பானியச் சனங்களை அடைத்து வைத்த முகாம் ஒன்றில் பிறந்தவராம். அதைப் பற்றிக் கதைக்க மாட்டார்.

முதல் நாள் நான் வாளியும் மொப்பும் கொண்டு பாய்ப் பக்கம் போனேன். அவர் மறித்தார். பாயைத் துடைப்பது விழுகிறவர்களின் வேலை, உன்னுடையது அல்ல என்றார். ஒரு டொக்டர், ஒரு பஸ் ஓட்டுநர், இரண்டு மூன்று மாணவர்கள், எல்லாரும் முழங்காலில் நின்று ஈரத்துணியைத் தள்ளிக்கொண்டு அந்தலைக்கும் இந்தலைக்கும் போனார்கள். துடைக்கச் சம்பளம் வாங்குகிற நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாம் கிழமை நானும் ஒரு துணியோடு முழங்காலில் நின்றேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தொழிற்சாலையில் தூக்குவது செத்த உடம்பு. இங்கே உயிருள்ள உடம்பை எறிந்தார்கள், அது திரும்ப எழும்பி வந்து தலை குனிந்தது.

நாலு மாதம் விழ மட்டும்தான் பழக்கினார். பின்னுக்கு விழு, பக்கவாட்டில் விழு, விழும்போது கையால் பாயை ஓங்கி அடி. என் முழங்கை வீங்கியது. விலா எலும்பு ஒன்று வெடித்தது. வேலைக்குக் கட்டுப்போட்டுக்கொண்டு போனேன். அதன் பிறகு எறியப் பழக்கினார். ஒரு வருடம் கழித்துத்தான் கழுத்து.

கழுத்துப் பிடி பழக்கின அன்று அவர் எல்லாரையும் இருத்திவைத்துக் கதைத்தார். எதிரில் நிற்கிறவன் நீ பழகுவதற்குத் தன் உடம்பை இரவல் தருகிறான், வாங்கினதைப் பழுதில்லாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். நெரிபடுகிறவனுக்கு வாய் வராது, அவனுக்குக் கைதான் வாய். பாயிலோ உன் உடம்பிலோ இரண்டு தரம் தட்டினால் அந்த நொடியே விட வேண்டும். யார் தட்டினான், எதற்குத் தட்டினான் என்று யோசிக்கக்கூடாது. யோசிக்கிற நேரத்துக்குள் ஆள் போய்விடும்.

மண்டபத்துச் சுவரில் சின்னச் சின்னப் பலகைகளில் எங்கள் பெயர்கள் தொங்கும். அவரவர் பாஷையில் அவரவரே எழுத வேண்டும். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. எண்பத்தைந்தில் வந்து இறங்கின கோணேஸ்வரிதான் ஒரு கடதாசியில் வீரக்குட்டி என்று எழுதித் தந்தாள். நான் அதைப் பார்த்துப் பலகையில் கீறினேன். பிறகு அவளே ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை இருத்தி அ, ஆ தொடங்கினாள். அவளை ஊரில் பள்ளிக்கூடம் அனுப்பத்தான் நான் அரிசி ஆலைக்குப் போனேன். அந்தப் படிப்பு இப்படி எனக்குத் திரும்பி வந்தது.

கனகசிங்கம் எங்கள் மட்டக்களப்பு ஆள்தான். முன்னமே வந்து கார்ச் சாமான் செய்கிற இடத்தில் வேலை எடுத்திருந்தான். றிச்மண்ட் ஹில் கோயிலில் கண்டு பழக்கம். நல்லாய்ச் சிரிப்பான். டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் அவனும் கோணேஸ்வரியும் குடியிருந்தார்கள். கலியாணம் முடித்து ஆறு மாதத்தில் அவளுடைய கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. குளியலறையில் வழுக்கினேன் என்றாள். அடுத்த மாதம் உதடு. அதற்கடுத்த மாதம் கை தூக்க முடியவில்லை.

நான் அவனை லிஃப்ற் கதவோடு சாத்திப் பிடித்தேன். அவன் அழுதான். ஊரில் தன்னை ஆமிக் காம்பில் கட்டிவைத்து அடித்ததையும், கோபம் வந்தால் கை தன்னுடையதில்லாமல் போவதையும் சொன்னான். ஆமி அவனை அடித்தது உண்மை. முதுகில் தழும்பு இருந்தது. பொலிசுக்குப் போவோம் என்று தங்கையைக் கேட்டேன். நீ இங்கே இருக்க நான் வைத்த ஸ்பொன்சரை வெட்டிவிடுவேன், அடுத்த பிளேனில் ஊருக்குப் போவாய் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தான். அவள் மாட்டேன் என்றாள்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது, பெரிய ஞானம் போல. இந்தக் கைக்கு வேலை இல்லை, அதனால்தான் அவளில் விழுகிறது. பாயில் நாலு பேர் தூக்கி எறிந்தால், தான் நெரிபட்டுத் தட்டினால், நோவு என்றால் என்னவென்று தெரியும். அடங்குவான். சென்செய்யிடம் என் மச்சான் என்று கொண்டுபோய் விட்டேன். காரணம் சொல்லவில்லை. குடும்ப மானம்.

கனகசிங்கம் கெதியாய்ப் பழகினான். எனக்கு நாலு மாதம் பிடித்தது அவனுக்கு ஒரு மாதம். குனிந்து வணங்குவதும் துணி தள்ளுவதும் பார்க்க வடிவாய் இருக்கும். ஒரு வருடத்தில் கழுத்துப் பிடியில் என்னையே தட்ட வைத்தான். அந்த நாட்களில் வெள்ளிக்கிழமைகளில் கோணேஸ்வரியும் வந்து பின்னால் கிடந்த வாங்கில் இருப்பாள். வளர்ந்த ஆண்கள் முகம் நீலம் பாரித்துப்போய் இரண்டு தட்டுத் தட்டுவதையும், மேலே கிடந்தவன் சட்டென்று விட்டுவிட்டுக் கைகொடுத்துத் தூக்குவதையும் கண் வெட்டாமல் பார்ப்பாள்.

ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டாள்.

"உண்மையாத்தான் விடுவாங்களா அண்ணன்? கோபத்தில இரிந்தாலும்?"

"தட்டினா விடத்தான் வேணும். அதுதான் சட்டம்," என்றேன்.

அந்த வாயை நான் தைத்திருக்க வேண்டும்.

அவளுடைய முகத்தில் காயங்கள் நின்றுபோயின. இரண்டு மாதம், மூன்று மாதம், ஒரு கீறல் இல்லை. தொழிற்சாலையில் தொடை சுமக்கும்போது எனக்குள் நானே சிரித்துக்கொள்வேன். குரல் மட்டும் அவளுக்கு அடைத்திருந்தது. தடிமன் என்றாள். எண்பத்தேழு தை மாதக் குளிரில் யாருக்குத் தடிமன் இல்லை.

மாசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போக லிஃப்ற்றில் ஏறினேன். அடுத்த வீட்டு வேரோனிக்கா உடுப்புக் கூடையோடு நின்றாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கைக்குழந்தைக்காரி. மெதுவாகத்தான் தொடங்கினாள்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உங்கட தங்கச்சி வீட்டில சனிக்கிழமையில சுவருக்கு என்ன செய்யினம்? பிள்ளை பயந்து எழும்புது."

ஆணி ஏதும் அடிக்கிறார்களாக்கும் என்றேன்.

"ஆணி இல்லை. கையால அடிக்கிற மாதிரி. டப், டப். கொஞ்சம் நிண்டு, பிறகும் டப், டப். இரண்டு இரண்டாய்."

லிஃப்ற் பதினோராம் மாடியில் நின்று கதவு திறந்தது. நான் இறங்காமல் நின்றேன். கதவு சாத்தப் பார்த்தது. வேரோனிக்காதான் கையை வைத்து மறித்தாள்.

கனகசிங்கம் வேலைக்குப் போயிருந்தான். கோணேஸ்வரி சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு அவளைத் திருப்பினேன். கழுத்தில் ஒன்றுமில்லை. கண் வெள்ளையில் மட்டும் ஊசி குத்தினது போலச் சிவப்புப் புள்ளிகள். நெரித்து வைத்த ஆளுக்கு அப்படி வரும். நாங்கள் பாயில் கண்டிருக்கிறோம்.

அவள் இருந்து சொன்னாள். அடிப்பதை விட்டுவிட்டானாம். அடித்தால் அண்ணனுக்குத் தெரியும் என்றானாம். சனிக்கிழமை குடித்தால் பின்னால் வந்து பிடிப்பான். இருட்டிக்கொண்டு வரும்வரை பிடிப்பான். பிறகு விடுவான், பிறகும் பிடிப்பான்.

"நான் தட்டினன் அண்ணன். முதல் நாளே தட்டினன். உங்கட ஆக்கள் செய்யிற மாதிரி அவர்ர கையில ரெண்டு தரம். தெரியல்லையாக்கும் எண்டு மறுகா சுவரில சத்தமாத் தட்டினன்."

"மறுகா?"

"விடல்ல. இது பாய் இல்லடி எண்டார்."

சோற்றுப் பானையின் ஆவி எங்கள் இருவருக்கும் நடுவில் எழும்பிக்கொண்டிருந்தது. செவ்வாய் பின்னேரம் ஒரு பையில் உடுப்பும் பாஸ்போட்டும் எடுத்து வைத்துக்கொள், நான் வருவேன் என்று மட்டும் சொன்னேன்.

தெருவில் வைத்து அவனைச் செய்திருக்கலாம். தொழிற்சாலையில் கத்தி இருந்தது, அதையும் யோசித்தேன். ஆனால் எனக்கு அவன் என் முன்னால் வந்து தலை குனிய வேண்டும். தன் உடம்பைத் தானே என் கையில் தர வேண்டும். அதற்குப் பாய்தான் இடம்.

செவ்வாய்க்கிழமை துணி தள்ளினோம், கண்மூடி இருந்தோம், விழுந்தோம். ஆள் மாற்றிப் பிடிக்கிற நேரம் வந்ததும் நான் போய் அவன் முன்னால் நின்று குனிந்தேன். அவனும் குனிந்தான். "என்ன மச்சான், இண்டைக்கு முகம் சரியில்ல," என்று சிரித்தான்.

முதல் எறியில் அவன் தலை பாயில் மோதியது. எழும்ப விட்டேன். இரண்டாம் எறியில் அவனுக்கு மேலேயே முழு எடையோடும் விழுந்தேன், விலாவில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. அவன் குப்புறப் புரண்டான். பின்னால் போய்க் காலால் இடுப்பைச் சுற்றி, கழுத்தில் கையைப் போட்டேன். இருபது வருடம் அரிசி மூட்டையும் மூன்று வருடம் மாட்டுத் தொடையும் தூக்கின கை.

அவன் தட்டினான். டப், டப்.

இது பாய் இல்லை என்று அவன் என் தங்கைக்குச் சொன்னதை அவன் காதுக்குள் சொல்ல வேண்டுமென்று ரெயினில் வழிநெடுகப் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். வாயைத் திறந்தால் மூச்சு மட்டும்தான் வந்தது. இன்னும் இரண்டு தட்டினான், பலமாக. பிறகு என் தொடையில் நாலு. அவனுடைய குதிகால் பாயை உதைத்தது. என் கன்னத்தைப் பிறாண்டினான், தோல் அவன் நகத்தில் போனது. சென்செய் நிறுத்து என்று கத்தினது கேட்டது. கேட்டும் நான் இறுக்கினேன். கடைசியில் அவன் கை தட்டவில்லை, சும்மா பாயைத் தடவியது. பிறகு அதுவும் இல்லை. அவனுடைய சூடான மூத்திரம் என் காலில் பட்டது.

சென்செய் என்னை இழுக்கவில்லை. முழங்காலில் வந்து என் சின்ன விரலைத் தேடிப் பிடித்துப் பின்னுக்கு முறித்தார். காய்ந்த தடி போல அது உடைந்தது. பிடி அப்போதுதான் கழன்றது.

கனகசிங்கத்தின் கால்களைத் தூக்கிப் பிடித்து, அவனைத் திருப்பி, முதுகில் ஓங்கிக் குத்தினார். மூன்றாம் குத்துக்கு மூச்சு வந்தது. கண் திறந்து எங்கே இருக்கிறேன் என்று தமிழில் கேட்டான். அங்கே தமிழ் தெரிந்த மற்ற ஆள் நான்தான்.

அவன் தட்டினது கேட்டதா என்று சென்செய் என்னிடம் கேட்டார். கேட்டது என்றேன். ஏன் என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன்: இவன் வீட்டில் என் தங்கைக்கு இதைச் செய்கிறான், அவளும் தட்டுகிறாள், இவன் விடுவதில்லை. டொக்டர் குனிந்து நிலத்தைப் பார்த்தார். சென்செய் கனகசிங்கத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் மறுக்கவில்லை. பின்னால் கிடந்த வாங்கைப் பார்த்தான், கோணேஸ்வரி இருக்கிறாளா என்று.

சென்செய் சுவருக்குப் போனார். கனகசிங்கத்தின் பலகையைக் கழற்றி முழங்காலில் வைத்து உடைத்தார். பிறகு என்னுடையதையும் கழற்றினார். அதை உடைக்கவில்லை. இரண்டு கையாலும் எனக்கு நீட்டினார். இன்ன ஆள் தட்டினால்தான் விடுவேன் என்று நீ தீர்மானித்தால், பிறகு இந்தப் பாயில் ஒருவரும் உன்னோடு படுக்க முடியாது என்றார். என்னிடம் முன்னமே சொல்லியிருந்தால் இவனை வாசலால் எடுத்திருக்க மாட்டேன் என்றும் சொன்னார். அது விரலைவிட நொந்தது. குனிந்துவிட்டு வெளியே வந்தேன்.

டோர்செட் பார்க் போய்ச் சேர்ந்தபோது என் கை பழுத்த பப்பாசி போல வீங்கியிருந்தது. கோணேஸ்வரி கோட்டுப் போட்டுப் பையோடு கதவடியில் கதிரை வைத்து இருந்தாள்.

"உசிர் இரிக்கா?"

"இரிக்கு."

"தட்டினவரா?"

"தட்டினான். எட்டுத் தரம்."

அவள் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினாள். கட்டி முடித்துத்தான் நிமிர்ந்தாள்.

"நான் ஒரு நாள் பதினேழு தட்டினன்," என்றாள்.

கனகசிங்கம் பொலிசுக்குப் போகவில்லை. போனால் மற்றதும் வெளியே வரும். ஸ்பொன்சர் கதையும் வெறும் வெருட்டுத்தான் என்று வேரோனிக்கா காட்டின ஒரு வக்கீல் அம்மா சொன்னார். அவன் பிறம்ரன் பக்கம் ஒரு சாமான் கிடங்கில் வேலை எடுத்துப் போய்விட்டதாகக் கேள்வி. கோணேஸ்வரி என்னுடைய ஒற்றை அறையில் கட்டிலை எடுத்துக்கொண்டாள், நான் நிலத்தில் படுத்தேன். என் சின்ன விரல் இன்றைக்கும் கோணல். பேனை பிடித்தால் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும்.

கொஞ்ச நாள் அவள் மத்தியானத்தில் கண் அயர்ந்தால், கை தானாகச் சுவரைத் தட்டும். டப், டப். சமைத்துக்கொண்டு நின்றாலும் அகப்பையைப் போட்டுவிட்டு ஓடுவேன். அவளைத் தொட மாட்டேன். எட்ட நின்று சொல்லுவேன்: "விட்டாச்சு பிள்ள. விட்டாச்சு."