மலையில் போட்ட பூ

என் வீட்டுக்காரர் துளசிங்கத்துக்கு எல்லாவற்றைப் பற்றியும் கருத்து உண்டு. கே.ஜி.கண்டிகை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் டெல்லி ஆட்சியையே பிரித்துப் போட்டு மறுபடி மாட்டுவார். பெண்களுக்கு இலவசமாகப் பஸ் விட்டால் நாடு உருப்படுமா என்பார். தன் அம்மாவுக்கு மாத்திரை வாங்க என்னை அந்தப் பஸ்ஸில்தான் அனுப்புவார். ஓட்டுக்குப் பணம் வாங்குகிறவன் மனுஷனா என்பார். எங்கள் வீட்டுக்கு வந்த கவரைப் பிரித்தவரும் அவரே. நான் எதுவும் சொன்னதில்லை. இருபத்தாறு வருடமாக மனசுக்குள்ளேயே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜாதி பற்றியும் சொல்வார். "ஜாதியெல்லாம் யாருப்பா இப்ப பாக்கறான்? நம்ம மலைக்கோயில் சாமியே வேடன் வூட்டுப் பொண்ணத்தான் கட்டிகினாரு. என் பொண்ணு யாரக் கைகாட்டுதோ அவனுக்கே கட்டி வெப்பேன்."

இதைத் தினமும் கேட்டவர் ஆட்டோ ஓட்டும் ராஜவேலு. காலனிக்காரர். அவருடைய அப்பா எங்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவர். ராஜவேலுவின் மகன் விஜயனும் எங்கள் மகள் துர்காவும் ஒரே கம்பெனியில் வேலை. இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை ராஜவேலுவும் அவர் மனைவி மணியம்மையும் தட்டில் பூ, பழம், வெற்றிலையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ராஜவேலு செய்த ஒரே தப்பு, டீக்கடைப் பேச்சை நம்பியது.

என் வீட்டுக்காரர் சிரித்த முகமாகத்தான் உட்காரவைத்தார். காபி கொடுக்கச் சொன்னார். முடியாது என்று சொன்னால் பெஞ்சில் மானம் போய்விடுமே! "எனக்கு ஒண்ணும் இல்ல ராஜவேலு. ஆனா பெரியவங்க இருக்காங்க பாரு, அவங்களுக்காக மலையில பூ போட்டுப் பாத்துடலாம். சாமி சொல்லிட்டா யாரும் பேச மாட்டாங்க" என்றார். ராஜவேலு சந்தோஷமாகத் தலையாட்டினார்.

அவர்கள் போனதும் இவர் கதவைச் சாத்தினார். "இன்னா தைரியம் பாரு அவனுக்கு. என் வூட்டுக்கே தட்டத் தூக்கினு வர்றான்."

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். இதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். கிருத்திகை அன்று காலையில் இவர் சிவப்பு அரளிப் பூவைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்.

"ரெண்டுலயும் செவப்பே வெச்சிக் கட்டு."

"ஆங்" என்றேன். இவர் குளிக்கப் போனதும் அரளியைக் குப்பையில் கொட்டிவிட்டு, கொல்லையிலிருந்த வெள்ளை நந்தியாவட்டையைப் பறித்து இரண்டு பொட்டலத்திலும் வைத்துக் கட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் செய்ததில்லை.

மலையில் நல்ல கூட்டம். தரிசனம் முடிந்து பிராகாரத்தில் ஓரமாக நின்றோம். இவர் பெருந்தன்மையாக, "மணியம்மா, நீயே எடு. அப்பறம் ஒரு பேச்சு வரக்கூடாது" என்றார். அந்த அம்மா கண்ணை மூடி எடுத்துப் பிரித்தாள். வெள்ளை. அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டாள்.

இவர் என்னைத்தான் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன். இரண்டிலும் சிவப்பே கட்டச் சொன்னதை வெளியே சொல்ல முடியுமா? நன்றாக மாட்டினார் என்று நினைத்தேன்.

மாட்டவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "ராஜவேலு, நாம வெவரம் தெரிஞ்சவங்க. பூவப் பாத்துப் பொண்ணு குடுக்கற காலமா இது? இந்த மூடநம்பிக்கையெல்லாம் எனக்கு ஆவாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ணா" என்றார் ராஜவேலு. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மணியம்மை என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இருவரும் படியிறங்கிப் போனார்கள்.

சாயங்காலமே இவர் என் தம்பி சக்திவேலுக்குப் போன் போட்டு, ஆவணியில் துர்காவை அவனுக்கே முடித்துவிடலாம் என்று பேசிவிட்டார். துர்கா சமையலறையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. நான் மெதுவாகப் பக்கத்தில் போய், "ரெண்டுலயும் வெள்ளதாண்டி வெச்சேன். உனக்காக உங்க நைனாவையே ஏமாத்தினேன்" என்றேன். கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"பொட்டலம் கட்டத் தெரிஞ்சிச்சே, பேசத் தெரியலையா?" என்றாள். "நைனா ஒத்துக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியாதா? ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்னு விஜயன் அப்பவே சொன்னான். வேணாம், எங்கம்மா எனக்காகப் பேசுவாங்கன்னு நான்தான் அவன் அப்பா அம்மாவ வரச் சொன்னேன். மலையில அந்தம்மா உன் மூஞ்சியப் பாத்துகினு நின்னாங்களாமே, விஜயன் போன்ல சொன்னான். கட்டிக் குடுக்கறேன்னு ஒரு வார்த்த ஏம்மா சொல்லல?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கூடத்தில் இவர் இருமும் சத்தம் கேட்டது. மூடிக்கொண்டேன்.